நல்ல தண்ணீர் ஜாடி

சாக வேண்டிய ஜாடியில் மீன்குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. சாகக் கூடாத ஜாடியில் இருபதும் செத்துக் கிடந்தன.

ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. சாயப்பட்டறைக் கழிவுநீர் ஒரு ஜாடியில், நல்ல தண்ணீர் இன்னொன்றில். ஒவ்வொன்றிலும் இருபது குஞ்சுகளை விட்டு, நாலு நாளும் மாலை நாலு மணிக்கு எண்ண வேண்டும். பெரிய மீன் தாக்குப்பிடித்துவிடும். குஞ்சுகள்தான் விஷத்தை முதலில் காட்டிக்கொடுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டுக்கு மேல் செத்தால் பரிசோதனையே செல்லாது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது மூன்றாவது தடவை.

"மறுபடியும் ஊத்திக்கிச்சா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். நாலு அடித்ததும் பையோடு நிற்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கடிகாரம்'. "உங்க கைராசி அப்படி. குஞ்சு வாங்குற எடத்தை மாத்துங்க."

"அதே பண்ணைக் குஞ்சுதானே சார் இந்தச் சாயத் தண்ணியில ஆட்டம் போடுது?"

"அப்ப ஜாடியை ஒழுங்கா கழுவலை." சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அறையில் காற்றுக்குழாய்களின் கொப்புளச் சத்தமும், ஈரத் தரையிலிருந்து எழும் மீன் கவிச்சியும், வெயில் இறங்க இறங்கச் சுவரில் நீண்டுகொண்டே போன ஜாடிகளின் நிழலும் மட்டும் மிஞ்சின. அவளுக்கு உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், செத்த குஞ்சு ஒன்றைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். செவுள் விரிந்து கிடந்தது. ஜாடியைத் தன் கையாலேயே மூன்று தடவை கழுவியிருந்தாள். குஞ்சிலும் குறையில்லை, ஜாடியிலும் குறையில்லை. மிச்சம் தண்ணீர்தான்.

மூலையில் பிளாஸ்டிக் கேன் இருந்தது.

சுத்திகரிப்பு இயந்திரம் படுத்து மூன்று வாரம். "எங்க வீட்டு போர் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும், நான் கொண்டாரேன்" என்று பீற்றிக்கொண்டவள் அவளேதான். கைராசி, பண்ணைக்காரன், ஜாடி என்று எங்கெங்கோ குறை தேடினாளே, ஏற்கெனவே இரண்டு தடவை கொட்டினாளே, செத்தது எந்தத் தண்ணீரில் என்று ஒரு தடவை யோசித்தாளா? பாவி! வீட்டில் ஐந்து வயது மகள் அதைத்தான் குடிக்கிறாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எங்கங்க?"

"இங்கதான், தொட்டிகிட்ட. ரெண்டு வாரமா சொம்பு சொம்பா குடிக்கிறா. நல்லதுதானேன்னு நானும்..."

"குடுக்காதீங்க! நீங்களும் குடிக்காதீங்க!"

தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிட்டாள். கத்தினாள். சத்தம் நிற்கவேயில்லை.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. வாந்தி எடுத்தால்கூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. டிவி ஓடியது. பார்க்க ஆளில்லை.

"பாப்பா?"

கூடம். சமையலறை. பின்கதவு.

சிமெண்டுத் தொட்டி ததும்ப ததும்ப நிறைந்திருந்தது. அப்பாவும் மகளும் அருகருகே மண்டியிட்டு, காது வரைக்கும் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கியிருந்தார்கள். பத்து விநாடி. இருபது. ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் இரண்டு முதுகும் ஏறி இறங்கின. நிதானமாக, தூங்குகிறவர்கள் மாதிரி.

ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். குழந்தையின் முகம் நீலம் பாரித்தது. கண் பிதுங்கியது. பிஞ்சுக் கைகள் அவளை அடித்துத் தள்ளின.

"விடும்மா... மூச்சு முட்டுது!"

மகள் திமிறிக்கொண்டு, முகத்தை மறுபடி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.