கடுகுப்பாளையம் பாசஞ்சர்

கோயம்புத்தூரில் இப்போது ஒருவரும் எதற்கும் காத்திருப்பதில்லை. லிஃப்ட் கதவு திறக்கிற நொடியில்தான் ஆள் அதன் முன்னால் போய் நிற்பார். டாக்டர் "அடுத்து" என்னும்போது அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். கல்யாணப் பந்தியில், சாப்பிடுகிறவர் எப்போது மோருக்கு வருவார் என்று அவர் நாற்காலியைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னால் நிற்குமே ஒரு கூட்டம், அது போன இடம் தெரியவில்லை. எல்லாம் காலப்பொருத்தியின் வேலை. ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் அதன் கைவளை ஒன்று இருக்கிறது. அது அவரவர் நடை, வேலை, குளியலறையில் பாடும் நேரம் எல்லாவற்றையும் படித்து, மற்றவர்களுடையதோடு பொருத்திப் பார்த்து, "இப்போது கிளம்பலாம்" என்று மெல்லச் சொல்லும். சொன்னபடி கிளம்பினால் போதும், வழியில் வரிசை என்று ஒன்று இருக்காது.

அதை வடிவமைத்த குழுவில் சம்யுக்தாவும் ஒருத்தி. ஓய்வு பெற்ற பிறகு அவள் சும்மா உட்காரவில்லை. தனியாக வாழும் ஏழாம் மாடி வீட்டின் கூடத்தில் ஓர் ஊரையே கட்டினாள். இரண்டு பெரிய பலகைகளின்மேல் ரயில் நிலையம், கடைவீதி, பள்ளிக்கூடம், வரிசை வீடுகள். சோபாவுக்கு அடியில் ஒரு சுரங்கம். நீல நிறப் பாசஞ்சர் ரயில் ஒன்று நாளெல்லாம் சுற்றி வந்தது. ஊருக்குக் கடுகுப்பாளையம் என்று பெயர் வைத்தாள்.

அங்கே குடியிருந்தவர்கள் விரல்மாந்தர். விரலில் ஒரு கணு உயரம்தான் இருப்பார்கள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பழகுமணி என்று ஒன்று இருந்தது; அது கண்டதைப் படிக்கும், படித்ததைப் பழக்கமாக்கும். கடையில் வாங்கும்போது எல்லாரும் ஒரே அச்சுதான். வருஷம் போகப்போக ஆளுக்கொரு குணம் வந்துவிடும். கடுகுப்பாளையத்துத் தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். டீச்சரம்மா கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். பூக்காரி, ஜன்னல் வெயில் நகர நகரக் கூடையை நகர்த்துவாள். இதில் ஒன்றைக்கூடச் சம்யுக்தா சொல்லிக்கொடுக்கவில்லை.

பழகுமணியில் ஒரு சங்கடமும் இருந்தது. புதிதாகப் படிக்க ஒன்றுமே கிடைக்காமல் நாள் போனால், இனிமேல் எதுவும் இல்லை என்று அதுவே முடிவுகட்டி உறைந்துவிடும். உறைந்தால் படித்ததெல்லாம் அழிந்துபோகும். புது மணி போடலாம், ஆனால் அது வேறு ஆள்.

முதலில் உறைந்தவள் பூக்காரி. கூடைமேல் வெயில் விழுந்துகொண்டே இருந்தது, அவள் நகர்த்தவில்லை. சம்யுக்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்து தபால்காரர், பிறகு பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்றவர்.

தொழில் புத்தி லேசில் போகுமா? ரயில் நேரத்தில் ஏதோ பிசகு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கடுகுப்பாளையத்துக்கென்று குட்டிக் காலப்பொருத்தி ஒன்றை அவள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தாள். அதை இன்னும் முறுக்கினாள். பயணிகள் நடைமேடையில் கால் வைக்கும்போதே ரயில் வந்து கதவு திறந்தது. ஏறினார்கள், போனார்கள், வந்தார்கள், வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாத அளவுக்கு எல்லாம் கச்சிதமாக நடந்தது. அந்த வாரம் மேலும் மூன்று பேர் உறைந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் சுரங்கத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தாள். தண்டவாளத்தின் இளஞ்சூட்டில் ஒரு பல்லி சுகமாகப் படுத்திருந்தது. எதிரே எஞ்சின், தடை இருந்தால் நிற்க வேண்டும் என்ற பாடத்தை மறக்காமல், மரியாதையாக நின்றிருந்தது. சம்யுக்தா விளக்குமாற்றை எடுத்துவந்தாள். அப்போதுதான் நடைமேடை கண்ணில் பட்டது.

தையல்காரர் வந்திருந்தார். ரயில் இல்லை. இப்படியொன்று அவர் படித்ததே கிடையாது. தண்டவாளத்தின் ஓரத்துக்குப் போய்க் கழுத்தை நீட்டிச் சுரங்கப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றவரும் கழுத்தை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் நடைமேடை முழுக்கக் கழுத்தை நீட்டியது. டீச்சரம்மா பையைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் ரயில் நின்றால் மட்டும் டம்ளரை நீட்டிப் பழகிய டீக்கடைக்காரர், ரயில் இல்லாமலே தையல்காரரிடம் ஒரு டம்ளரை நீட்டினார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். விரல்மாந்தருக்குப் பேச்சு கிடையாது. ஆனால் ரயில் வராத எரிச்சலைச் சொல்வதற்குப் பேச்சு எதற்கு?

சம்யுக்தா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

மறுநாள் தையல்காரர் சீக்கிரமே வந்து நேராக டீக்கடைக்குப் போனார். டீச்சரம்மா முதன்முறையாக நடுப்பெட்டியில், அவர் பின்னாலேயே ஏறினாள். சம்யுக்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனியாக நின்று கைதட்டினாள்.

ஆனாலும் பல்லியை நம்பி ஓர் ஊரை நடத்த முடியுமா? ரயில் தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வரட்டும் என்று குட்டிக் காலப்பொருத்திக்குக் கட்டளை போட்டாள். விரல்மாந்தர் அதையும் படித்துக்கொண்டார்கள். எல்லாரும் பத்து நிமிஷம் கழித்தே வந்தார்கள். ரயிலும் அவர்களும் மறுபடி ஒரே நொடியில் சந்தித்தார்கள். கொஞ்ச நாளில் டீக்கடைக்காரர், நீட்டிய டம்ளரோடு உறைந்தார்.

தாமதத்தில் ஒன்றுமில்லை, எப்போது வரும் என்று தெரியாமல் நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல மனிதரைப் பலி கொடுத்துவிட்டோமே என்று அழுதாள். குட்டிக் காலப்பொருத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுரங்க வாயில் ஒரு சின்ன விளக்கை மாட்டினாள். விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது. அதன் பிறகு ரயில் பல்லி விட்ட வழி. ஒருவரும் உறையவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒருநாள் கைவளை சொன்னது காதில் விழாமல் லிஃப்டைத் தவறவிட்டாள். மூடிய கதவின் முன்னால் அவள் நிற்க, எதிர்வீட்டுக் கதவு திறந்து, அடுத்த லிஃப்டுக்குப் பொருத்தப்பட்ட ஒரு பெண் வெளியே வந்து திடுக்கிட்டாள்.

"நீங்க எதிர்வீடுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாங்க. பதினோரு வருசமா."

"அட! அந்த வீடு காலியா கெடக்குதுன்னு நெனச்சிருந்தேனுங்க."

அவள் பெயர் ரிஸ்வானா. அன்று முதல் சாயங்காலமானால் வந்துவிடுவாள். சோபாவில் இருவரும் காலை மேலே போட்டுக்கொண்டு, பாசஞ்சர் எப்போது வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். ரயில் வராத நேரத்தில் ரிஸ்வானா தன் மருமகளைப் பற்றிச் சொல்வாள். ரயில் வந்த பிறகும் சொல்வாள். சம்யுக்தாவுக்கு அந்த மருமகளைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் துகிலன் வந்தான். முன்பு அவள் கீழ் வேலை பார்த்தவன், இப்போது காலப்பொருத்தித் துறைக்கே தலைவன்.

"மேடம், ஜனங்க வெளியவே வர மாட்டேங்கறாங்க. வளை கிளம்பச் சொல்லுது, எதுக்குன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கறாங்க. கணக்குல ஒரு பிழையும் இல்ல."

அவள் கடுகுப்பாளையத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். துகிலன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை புரிந்துகொண்டான் என்று நம்பினாள்.

அடுத்த மாதமே அரசாணை வந்தது: குடிமக்கள் அனைவருக்கும் காத்திருப்பு ஒதுக்கீடு, நாளொன்றுக்குப் பத்து நிமிஷம். சம்யுக்தா பதறிப்போய் அவனைக் கூப்பிட்டாள்.

"எப்பன்னு சொல்லித் தொலைக்காதீங்க, துகிலன்!"

"முன்கூட்டியே சொல்லாட்டி கேஸ் போட்டுருவாங்க மேடம். பல்லியையும் யோசிச்சோம். அதுக்கு வளை மாட்ட முடியுமான்னு ஒரு குழு ஆராய்ஞ்சிட்டிருக்கு."

"அதுக்கு வளை இல்லாததுதானப்பா விசயமே!"

மறுநாள் லிஃப்ட் முன்னால் கைவளை சொன்னது: "உங்கள் காத்திருப்பு தொடங்குகிறது. துணை: ரிஸ்வானா. பேச ஏற்றது: வானிலை."

ரிஸ்வானாவின் வளையும் அதையே சொன்னது.

"மழை வரும்போல இருக்குதுங்க" என்றாள் ரிஸ்வானா.

"ஆமாங்க."

மருமகள் கதை ரிஸ்வானாவின் வாய்வரை வந்ததைச் சம்யுக்தா பார்த்தாள். ஏற்றதல்ல என்று நினைத்தாளோ என்னவோ, விழுங்கிவிட்டாள். லிஃப்ட் நொடி பிசகாமல் வந்தது. ஒரு வாரத்தில் கட்டடம் முழுக்கப் பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பக் கற்றுக்கொண்டது, அவர்களுந்தான். ஒருநாள் சாயங்காலம் ரிஸ்வானா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போய்க் கதவைத் தட்டியபோது, "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா படுத்திருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

சம்யுக்தாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பி, டம்ளரை நீட்டியபடி நின்ற டீக்கடைக்காரரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, மிச்சம் வைத்திருந்த இன்னொரு சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தரைத்தளத்து லிஃப்டில், குறுக்கே ஆள் நின்றால் கதவை மூடவிடாமல் செய்கிற கண் ஒன்று உண்டு. அதன் அருகில் விளக்கை மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் மேலே போய்விட்டாள்.

பல்லி வரச் சில நாள் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் காய்கறிப் பையோடு திரும்பியபோது, லிஃப்ட் கதவு மூடப் போவதும் திறப்பதுமாக இருந்தது. அந்தக் கண்ணின்மேல் பல்லி அசையாமல் படுத்திருந்தது. வாசலில் முப்பது நாற்பது பேர். எல்லார் கைவளைகளும் "கிளம்பலாம், கிளம்பலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன. முன்னால் நின்றவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். அடுத்தவரும் நீட்டினார். கூட்டத்தின் நடுவே, மருந்து வாங்கக் கீழே வந்து மாட்டிக்கொண்ட ரிஸ்வானா நின்றிருந்தாள்.

"எப்பங்க சரியாகும்?" என்று யாரோ சம்யுக்தாவைக் கேட்டார்.

"தெரியலீங்க" என்றாள். அதைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று!

காவலாளி விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"அட, இருக்கட்டும் விடுங்க. என்ன அவசரம்?" என்றாள் ரிஸ்வானா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிலர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ ஒருவர் பையைப் பிரித்து முறுக்குப் பொட்டலத்தைச் சுற்றுக்கு விட்டார். ரிஸ்வானா சம்யுக்தாவின் பக்கத்தில் வந்து, "கேளுங்க, அந்த மருமக நேத்து என்ன பண்ணுனா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

ஏழு மாடி ஏறுவதற்குச் சம்யுக்தாவின் முழங்கால் ஒத்துழைக்காது. மாடிப்படியில் உட்கார்ந்து, தான் மாட்டிய விளக்கைத் தானே மனசுக்குள் திட்டிக்கொண்டு, முறுக்கைக் கடித்தபடி கதை கேட்டாள்.