கொட்டாங்குச்சிப் புல்

டிசம்பர் பிறந்ததும் அம்மா கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பார். கிறிஸ்துமசுக்குள் பச்சைப்பசேலென்று புல் வளர்ந்துவிடும். குழந்தை இயேசுவைப் படுக்க வைக்கும் எங்கள் குடிலுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தெருவில் குடில் வைக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்.

அந்த வருடம் அம்மா இல்லை. ஆடி மாதம் வந்த காய்ச்சலில் போய்விட்டார். டப்பாவில் கேழ்வரகு மட்டும் இருந்தது. நான் விதைத்தேன்.

முளைவிட்ட பிறகுதான் அப்பா கவனித்தார். சிமெண்ட் ஆலையிலிருந்து வந்திருந்த அவருடைய புருவமெல்லாம் சாம்பல் நிறம்.

"மேரி, இந்த வருஷம் நம்ம வூட்ல குடிலும் கிடையாது, ஸ்டாரும் கிடையாதும்மா. துக்க வூடு."

நான் தலையாட்டினேன்.

ரெட்டிபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க ஸ்டார் தொங்கியது, எங்கள் வாசலைத் தவிர. பாட்டுப் பாடி வந்த கோயில் பிள்ளைகள் எங்கள் வீட்டருகே மேளத்தை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் கடந்து போனார்கள். மரியாதைக்காகத்தான். ஆனாலும் ஜன்னலில் நின்ற எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அடுத்த வீட்டு சசிகலா கேட்டாள். "ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

"எல்லாரும் எங்க வூட்டத் தாண்டிப் போறாங்க. இயேசுவும் தாண்டிப் போயிடுவாரோடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க சாமியா இருந்தா கேட்டுச் சொல்லுவேன்."

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் புல் விரல் உயரம் வளர்ந்திருந்தது. மற்ற வீட்டுக் குடில்களில் இந்த வருடம் புல்லே இருக்காது என்று அப்போதுதான் தோன்றியது.

"வாடி, குடுத்துட்டு வருவோம்" என்று சசிகலாவைக் கூப்பிட்டேன்.

கொட்டாங்குச்சிகளைத் தட்டில் அடுக்கித் தூக்கினோம். வாசல் தாண்டுவதற்குள் சசிகலா வீட்டு ஆடு ஒரு கொட்டாங்குச்சிப் புல்லைத் தின்றுவிட்டது.

"அய்யய்யோ! உங்க சாமி கோவிச்சுக்கப் போறாருடி!"

"தொழுவத்துல பொறந்தவருடி. ஆடு தின்னா கோவிச்சுக்க மாட்டாரு."

அம்மா போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

முதல் வீட்டு லூர்து சித்தி கதவைத் திறந்ததும் திகைத்து நின்றார்.

"நீயா கண்ணு வெதச்ச? துக்க வூட்டுக்குப் பண்டிகை நேரத்துல வரக் கூடாதேன்னு இருந்துட்டோம். உள்ள ஒரு புள்ள தனியா இருக்கேன்னு தோணாமப் போச்சே! வா, உன் கையாலயே வை."

ஒவ்வொரு வீட்டிலும் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. வீட்டுக்கு வந்து, அம்மா குடில் வைக்கும் ஸ்டூலின் மேல் அதை வைத்தேன்.

"குடில்தானே வேணாம்னாரு உங்கப்பா? புல்லு வேணாம்னு சொல்லலியே" என்றாள் சசிகலா. "அவரு பொறந்தப்ப தங்குறதுக்கு வூடே கிடைக்கலன்னு உங்கம்மா சொல்லுவாங்கள்ல? குடில் இல்லாட்டி வரமாட்டாராக்கும்!"

குடில் சாமான் பெட்டியைத் திறந்து, கட்டை விரல் அளவிலான குழந்தை இயேசுவை எடுத்துப் புல்லின் மேல் படுக்க வைத்தேன். கூரை இல்லை, ஸ்டார் இல்லை. சிரித்தபடிதான் படுத்திருந்தார்.

பொழுது சாயும்போது லூர்து சித்தி தெருப் பிள்ளைகளோடு வந்தார். மேளம் இல்லாமல், மெல்லிய குரலில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன்.

அப்போது அப்பா வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மாவைப் போலவே விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் புல்லின் ஓரங்களில் மட்டும் தெளித்தார்.

"நடுவுல காயுதேப்பா" என்றேன்.

"குழந்தை மேல பட்டுடும்மா" என்றார் அப்பா. "குளிரும்ல?"