இன்னொருவர் திறந்திருக்கிறார்

கணினியில் எடிட்டரைத் திறந்ததும் திரையின் அடியில் ஒரு வரி வந்தது: ‘இந்தக் கோப்பை இன்னொருவர் திறந்திருக்கிறார். காத்திருங்கள்.’

அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கணினியில் வேறு யாருக்கும் கணக்கு இல்லை. வேலையில் கவனம் சிதறக் கூடாதென்று இணைய வயரையும் சாப்பிடப் போகும் முன்பே பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தாள்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். இரவெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு விடிந்தபின் வந்த கணவன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்காகத் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்ததால், பிற்பகல் வெயில் துணியின் பழுப்பை வாங்கிக்கொண்டு தரையில் கசிந்து, சுவரோரம் போய்ச் சேர்வதற்குள் வெறும் நிழலாகிவிட்டிருந்தது. அடைத்த அறையின் வெந்த தூசி வாசனைக்கு நடுவே, ஃப்ரிட்ஜின் முனகலும் கதவிடுக்கு வழியே வந்த அவன் குறட்டையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் ஏறி இறங்கின.

அந்த எடிட்டர் அவளைவிட மூத்தது. எத்தனையோ கைகள் மாறி வந்த மென்பொருள். இன்று எங்குமே இல்லாத இயந்திரங்களுக்காக எழுதிய பகுதிகள் அதற்குள் பரண் சாமான்போல் அடைந்து கிடந்தன. அவற்றைக் கழித்துக்கட்டுவதுதான் இப்போது அவள் வேலை. இந்த எச்சரிக்கையும் அவற்றில் ஒன்று. ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒருவர் எழுதுவதை மற்றவர் அழித்துவிடாமல் இருக்கப் போட்ட தாழ்ப்பாள்.

கணினியை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு.

கட்டிலருகே போய் நின்றாள்.

“என்னங்க, என் கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?”

அவன் கண்ணைத் திறக்கவில்லை. “அதுல எனக்குத் தெரிஞ்சதே ஆஃப் பட்டன் ஒண்ணுதான். அதையும் நீ தொட விடமாட்ட.”

“நாற்காலி சூடா இருந்துச்சு.”

“வெயில் காலம்மா. எல்லாம் சூடாத்தான் இருக்கும். தூங்க விடு.”

பதில் கைவசம் தயாராக இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது. தூங்கும் மனிதனுக்கு இவ்வளவு தெளிவாகப் பேச்சு வருமா? அவன் புரண்டு படுத்தான். உடனே குறட்டை. அதையும் நம்பாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தன்னோடு அந்த எடிட்டரைப் பராமரிக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, அந்தக் காத்திருக்கச் சொல்ற பகுதி தப்பாக் காட்டுது. யாருமே இல்ல, ஆள் இருக்குங்குது.”

“அது காலாவதியானதுதானே, தூக்கிடு.” சற்றுத் தயங்கி அக்கா சேர்த்துக்கொண்டாள். “ஆனா அது நமக்கு மட்டும் சொல்றதில்ல. நாம உள்ள இருந்தா, அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் அதையேதான் சொல்லும். ஆள் இருக்கு, காத்திருன்னு.”

“அந்தப் பக்கம் யாருக்கா இருக்காங்க?”

“யாரும் இல்லம்மா. அதனாலதான் தூக்கச் சொல்றேன்.”

வேறொரு சின்ன எடிட்டரைக் கொண்டு அந்தப் பகுதியை வேரோடு நீக்கினாள். மொத்தத்தையும் மறுபடி கட்டமைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள். எச்சரிக்கை இல்லை. மூச்சு வந்தது. கணவனைச் சந்தேகப்பட்டதற்கு உள்ளூர வெட்கம்கூட வந்தது.

அப்போது கோப்பின் கடைசி வரியிலிருந்து ஓர் எழுத்து போனது.

அவள் கை மடியில் இருந்தது.

இன்னொரு எழுத்து. பிறகு ஒரு சொல். அழிந்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள், வந்தது. மறுபடி போனது, இந்த முறை வேகமாக. கீபோர்டில் ஒரு விசை தானாக அமுங்கி எழுந்தது. டக். டக். அவசரமே இல்லாத, பழகிய விரலின் தட்டல். எண்ணெய் படிந்த பழைய தலையணையின் வாசனை எங்கிருந்தோ வந்தது.

அழிப்பு மேலே ஏறியது. வரி வரியாக. எதையோ தேடுவதுபோல்.

கோப்பின் தலையில் வந்து நின்றது. அங்கே, இதற்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது.

டக்.

பெயர் போனது. அந்த இடத்தில் கர்சர் மட்டும் மின்னியது.

விசை நின்றது.

அறை நிசப்தமானது. ஃப்ரிட்ஜும் ஓயவில்லை, குறட்டையும் ஓயவில்லை, ஆனாலும் நிசப்தம். பிறகு பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ படுப்பதுபோல். மெதுவாக, இன்னொருவர் தூக்கம் கெடாமல்.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

கதவிடுக்கு.

கணவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. பக்கத்தில், அவள் படுக்கும் இடத்தில், யாரும் இல்லை. ஆனால் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. தலையணையும்.

கூப்பிட வாய் திறந்தாள்.

தூக்கத்திலேயே அவன் கையை நீட்டி அணைத்துக்கொண்டான். அந்தக் கை மெத்தையில் விழவில்லை. ஒரு தோளின் உயரத்தில், காற்றில் நின்றது.

மெல்ல ஏறியது.

இறங்கியது.

மூச்சுக்கு ஏற்றபடி.