பாய்மரத்தில் ஒரு முடிச்சு

மதீனா பீவி மாடிப்படி ஏறி வந்தபோது நாணு இரண்டாவது பிடி சீடையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். கோகுலாஷ்டமிக்குச் செய்த சீடை. பண்டிகை போய் அடுத்த அஷ்டமியும் வந்துவிட்டது, டின்னின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பம்பாயில் ரேஷன் வந்த பிறகு கிடைக்கிற பழுப்பரிசியில் இப்படி வெள்ளைவெளேரென்று சீடை செய்ய முடியாது. மன்னியின் கைப்பக்குவம் என்று நாணு நினைத்துக்கொண்டான்.

மாட்டுங்காவில் அந்த மாடி வீடு வேங்கடசுப்ரமணியனுடையது. யுத்தம் தொடங்கியபின், இருட்டில் விளக்கில்லாமல் ஓடும் ரோந்துப் படகுகள் மீனவர்களின் படகுகளை முட்டி உடைப்பது அதிகமாகிவிட்டது. உடைந்த படகுக்கும் அடிபட்ட ஆளுக்கும் நஷ்டஈடு கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தார்கள். வருகிற மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று விசாரித்துச் சொல்வது அவர் உத்தியோகம். ஒரு வருஷமாகப் புளுகு கேட்டுக் கேட்டு மனிதர் களைத்துப்போயிருந்தார். நாணு நிதியின் டைப்பிஸ்ட். நாற்பது வயதாகியும் துப்பறியும் நாவல்களில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையிலும், அண்ணா என்று அவன் கூப்பிடும் வேங்கடசுப்ரமணியனின் வீட்டைச் சுற்றி வருவது அந்தப் பைத்தியத்தால்தான், காப்பிக்காக மட்டும் அல்ல.

"ஏன்னா, இன்னிக்கு அஷ்டமி. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்காதேள்" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி அபயாம்பாள்.

"நாளைக்குக் கமிட்டி கூடறது. ஆரம்பிக்க இல்லை, முடிக்கத்தான் போறேன்" என்றார் வேங்கடசுப்ரமணியன். பிறகு வாசலில் நின்றவளிடம், "உக்காரும்மா. நீ ஷேக் பரீத் சம்சாரம்தானே?" என்றார்.

அவள் உட்காரவில்லை. காயல்பட்டினத்துப் பக்கத்துக்காரி. தாராவியில் குடியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"அய்யா, எங்க மச்சானுக்கு வலது கையி போயிட்டு. பிரம்மநாயகம் மொதலாளி மச்வாவுலதான் வேல. கோகுலாஷ்டமி அன்னைக்கு ராத்திரி ரோந்துப் படகு வந்து முட்டுனதுல, ரெண்டு படகுக்கும் நடுவுல கையி மாட்டி நசுங்கிட்டு. இப்ப மொதலாளி, இவுக எம் படகுல கால் வச்சதே இல்லன்னு சொல்லுதாரு."

"ஆஸ்பத்திரிச் சீட்டில தோல் பதனிடற மெஷின்ல மாட்டினதுன்னு எழுதியிருக்கே" என்றான் நாணு. தாராவியில் தோல் ஷெட்டுகளுக்குக் குறைவில்லை.

"மொதலாளிதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. நான் பாத்துக்கிடுதேன், நீ வாயத் தொறக்காதன்னாரு. ரெண்டு வாரமா எட்டிப் பாக்கல. நாளைக்கு மனுவத் தள்ளிட்டா மறுபடி போட ஏலாதாம். மூணு புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க அய்யா போவேன்?"

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு என்ன மீன் பிடிச்சாளாம்?"

மதீனா பீவி தரையைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாது அய்யா."

அவள் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு ஓரத்தில் அகலமாக ஒரு துண்டு கிழிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே மூன்று விரல் அகலத்துக்கு இன்னொரு துண்டும் இல்லை.

"கையில கட்டுறதுக்குக் கிழிச்சாக. அத ஆஸ்பத்திரில வெட்டி எறிஞ்சுட்டாக."

"சின்னத் துண்டு?"

"தெரியல அய்யா. கேட்டா அழுதாக."

வேங்கடசுப்ரமணியன் லுங்கியை மடித்து நாணுவிடம் கொடுத்தார். "மூணு மணிக்கு அவரையும் அழைச்சுண்டு கிங்ஸ் சர்க்கிள்ல பிரம்மநாயகம் கடைக்கு வந்துடும்மா" என்றார். குரலில் நம்பிக்கையும் இல்லை, நம்பிக்கையின்மையும் இல்லை. தூக்கம் போதாத குரல்.

படி இறங்கும்போது அவர் கேட்டார். "நாணு, நம்ம விதி என்ன சொல்றது?"

டைப் அடித்தவனுக்கு மறக்குமா. "படகுக்குப் பணம் வேணும்னா படகு மீன்பிடிக்கப் போயிருக்கணும். ஆளுக்குப் பணம் வேணும்னா அவன் படகிலே வேலைக்கு இருந்திருந்தாப் போறும், என்ன வேலையானாலும்."

"அதை ஞாபகம் வச்சுக்கோ."

மாஹிம் கழிமுகத்தில் தாராவிக் கோலிவாடா என்ற மீனவர் குப்பத்தை ஒட்டி மச்வாக்களைச் சேற்றில் ஏற்றி வைத்திருந்தார்கள். கோலி மீனவர்களின் கனத்த பாய்மரப் படகுகள் அவை. அன்று கரை முழுக்க ஆள். மூங்கில்களில் நீள நீளமான பை வலைகள் தொங்கின. ஆண்கள் குந்தி உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர்கூட கடலுக்குப் போகலை. என்ன பண்டிகை அண்ணா இன்னிக்கு?"

"பண்டிகை ஒண்ணும் இல்லை. அஷ்டமி."

நாணு சிரித்துவிட்டான். "கோலிக்காரா கூட மன்னி மாதிரி அஷ்டமி பார்ப்பாளா?"

"பார்ப்பா போலிருக்கு" என்றார் அவர்.

பிரம்மநாயகத்தின் மச்வா தனியே கிடந்தது. வலது பக்கம் பலகைகள் உள்ளே நொறுங்கியிருந்தன. நாணு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறினான், ஏறியதும் கையை எடுத்துவிட்டான். கரை முழுவதும் குடலைப் புரட்டிய மீன் வாடை இந்தப் படகில் மட்டும் இல்லை. மழையில் அலசிப் போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். வேங்கடசுப்ரமணியன் முழங்கால் வலியோடு குனிந்து, உடைந்த பலகைச் சிம்புகளில் சிக்கியிருந்த சணல் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று நாணுவுக்குப் புரியவில்லை.

முடிச்சைக் கண்டுபிடித்தவன் நாணுதான். அதில் அவனுக்கு வெகு நாள் பெருமை இருந்தது. பாய்மரத்தின் அடியில், கயிறுகளுக்குப் பின்னால், ஒரு முளையில் பச்சைக் கட்டத் துணி ஒன்று இறுகக் கட்டியிருந்தது. உள்ளே காசு போல ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"அண்ணா, லுங்கி."

வேங்கடசுப்ரமணியன் பக்கத்தில் நின்ற பையன்களை விலக்கி, மன்சூர் அலி என்ற காவல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, முடிச்சைக் குலைக்காமல் துணியை முளையிலிருந்து உருவினார். துணியின் ஒரு நுனி பல்லால் கடித்து இழுத்ததுபோல் நைந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம்" என்றார்.

திரும்பி நடக்கையில் கிழக்கே, பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய், பாதி நிலா ஏறிக்கொண்டிருந்தது.

பிரம்மநாயகம் கிங்ஸ் சர்க்கிளில் மளிகைக்கடை வைத்திருந்தார். மச்வா வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. நெற்றியில் விபூதியும் வாயில் வெற்றிலையுமாக எழுந்து வரவேற்றார். மூலையில் ஷேக் பரீத் நின்றான். நெடிய ஆள், வலது கை துணிப் பந்தாக மார்பில் தொங்கியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. மதீனா பீவிதான் எல்லாரையும் பார்த்தாள்.

"வாங்க சார்வாள். இந்த வெயில்ல நீங்க அலையணுமா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேம்லா."

"ரெண்டு கேள்விதான். அன்னிக்கு ராத்திரி படகு எதுக்குப் போச்சு?"

"என்ன சார்வாள் கேள்வி இது? மீன் பிடிக்கத்தான். மூணு கோலி ஆளுங்க. கடல்ல கம்பு நட்டுக் கட்டுற பை வலையத் தூக்கிக்கிட்டு இருந்தாங்க, ரோந்துப் படகு வந்து இடிச்சுட்டான். அவனே ரிப்போர்ட்டுல தேதி எழுதியிருக்கான்."

"இவர் அதில இல்லை."

"எம் படகுல இவன் கால் வச்சதே கெடையாது. தோல் ஷெட்டுல கைய விட்டவன். நிதின்னு கேள்விப்பட்டதும் ஓடி வந்திருக்கான்."

வேங்கடசுப்ரமணியன் லுங்கியைக் கல்லாப் பெட்டி மேல் விரித்தார். அதன் கிழிந்த இடத்தில் பாய்மரத்துத் துணியை வைத்தார். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது. லுங்கியில் பாதியில் அறுந்து நின்ற ரத்தக் கறையின் மறுபாதி துணியில் தொடர்ந்தது.

"இது உங்க மச்வா பாய்மரத்தில இருந்தது. உள்ளே ஒரு காசு இருக்கு. தென்பாண்டிக் கரையில முஸ்லிம் கடலோடிகள் உயிருக்கு ஆபத்துன்னா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துண்டு இப்படி முடிஞ்சு வைப்பா. உங்க கோலி ஆட்கள் இதைச் செய்யமாட்டா. கறை ரெண்டு துண்டிலேயும் ஓடறதால, ரத்தம் கொட்டின பிறகு கிழிச்சது. ஒரு கையாலயும் பல்லாலயும் கட்டியிருக்கார். தோல் ஷெட்டிலே கை போனவர், அந்த ரத்தத்தோட கடல்ல ஒரு படகைத் தேடிப் போய் முடிச்சுப் போடுவாரா?"

ஷேக் பரீத் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தான். "படகு முழுவப் போவுதுன்னு நெனச்சேன் அய்யா" என்றான்.

பிரம்மநாயகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரி, இருந்திருப்பான். கூலிக்கு எவன் எவனோ ஏறுதான், நான் கண்டேனா? அவனுக்கும் எழுதிக் குடுங்க. எம் படகுக்கும் எழுதிக் குடுங்க."

"படகுக்கு முடியாது. அன்னிக்கு அது மீன்பிடிக்கப் போகலை."

"யாரு சொன்னா?"

"நிலா சொல்றது" என்றார் வேங்கடசுப்ரமணியன். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு வருஷமா இந்த மனுக்களைப் படிக்கிறேன். படகு உடையறதெல்லாம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். அஷ்டமி, நவமியில ஒரு பை வலைப் படகும் உடைஞ்சதில்லை. உங்களோடது ஒண்ணுதான். ஏன்னு இன்னிக்குக் கரையில பார்த்தேன். பை வலை நீரோட்டத்தில விரியற வலை. பாதி நிலா அன்னிக்குக் கடல்ல இழுப்பே கிடையாது. வலை ஈரத்துணி மாதிரித் தொங்கும். அதனால யாரும் போகமாட்டா, கரையில உக்காந்து வலை தைப்பா. கோகுலாஷ்டமியும் பாதி நிலாதானே. கடல்ல பழகினவன் யாரும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கமாட்டான். நீங்க படகை வாங்கினேள், அது எப்போ போகும்னு யாரையும் கேட்கலை."

அவர் கைக்குட்டையைப் பிரித்து லுங்கியின் பக்கத்தில் வைத்தார்.

"படகில மீன் வாடை இல்லை. பலகைச் சிம்பிலே சாக்கோட சணல் நார். இழுப்பில்லாத ராத்திரியில, மத்த படகெல்லாம் கரையில இருக்கும்போது, சாக்கு ஏத்திண்டு வர மச்வா எது? ஊருக்கு வெளியிலேர்ந்து ரேஷனுக்குத் தெரியாம வர அரிசி. மீன்பிடிக்கிற படகில மூட்டை தூக்கற கூலிக்கு என்ன வேலைன்னு கேட்பான்னுதான் இவரை இல்லேன்னேள்."

"அய்யா" என்றாள் மதீனா பீவி.  "அரிசின்னா இவுகளையும் ஜெயில்ல போட்டுருவாகளா? அதுக்குப் பயந்துதான் அய்யா வாயத் தொறக்கல."

"இவர் கூலிக்காரர். ஆளுக்கு விதி வேற, என்ன வேலையில இருந்தாலும் உண்டு. போலீஸ் கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், போறும்."

பிரம்மநாயகம் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாணுவுக்குப் பிடிக்கவில்லை.

"எழுதுங்க சார்வாள். நானும் நாளைக்குக் கமிட்டியில ரெண்டு வார்த்த சொல்லுதேன். இப்படி வந்த அரிசிய யாரு தின்னான்னு ஒங்க வீட்டுல கேட்டுட்டு வாங்க. பண்டிகைக்கு முந்தின வாரம் பின்வாசல்ல பச்சரிசி வாங்கினது யாருன்னு நம்ம கடைக் கிட்டுப்பயலக் கேட்டா சொல்லுவான். கூட்டுக் களவாணி எழுதின ரிப்போர்ட்டுன்னா இவன் மனுவும் சேர்ந்துதானே குப்பைக்குப் போவும்?"

 நாணுவுக்குக் காலையில் தின்ற சீடை கண்முன் வந்தது. எவ்வளவு வெள்ளை.

"தெரியும்" என்றார் வேங்கடசுப்ரமணியன். "டின்னைத் திறந்த அன்னிக்கே நான் கேட்டிருக்கணும். கேட்கலை. நன்னா இருந்தது, தின்னுட்டேன்."

அன்று மாலை மாட்டுங்கா வீட்டில் நாணு ரிப்போர்ட்டை டைப் அடித்தான். ஷேக் பரீத்துக்கு முழு நஷ்டஈடு தரலாம். படகுக்கு ஒன்றும் கூடாது. கடை விஷயம் போலீசுக்கு. எல்லாம் அடித்து முடித்துக் காகிதத்தை உருவப் போனபோது அண்ணா, "இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார். "இந்தக் கடையின் கள்ள அரிசி விசாரணை அதிகாரியின் வீட்டிலும் வாங்கப்பட்டது. துணியையும் முடிச்சையும் கமிட்டியே நேரில் பார்த்துத் தீர்மானிக்கட்டும்."

நாணுவின் விரல்கள் நின்றுவிட்டன. "வேலை போயிடும், அண்ணா."

"அவன் சொல்லித் தெரிஞ்சா பரீத் மனுவும் போயிடும். நான் முந்திண்டு சொல்லிட்டா என் வேலை மட்டும்தான் போகும். அடி."

நாணு அடித்தான். உள்ளே அபயாம்பாள் அழுகிற சத்தம் கேட்டது. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்டிகைக்குக் கிருஷ்ணனுக்கு நாலு சீடை செய்ய நினைத்தவளை என்ன சொல்வது.

மறுநாள் கமிட்டி துணியைப் பார்த்தது, கறையைப் பார்த்தது, ஷேக் பரீத்தின் கையைப் பார்த்தது. அவனுக்கு நஷ்டஈடு உண்டு என்று எழுதியது. பிறகு தலைவர் வேங்கடசுப்ரமணியனைத் தனியே அழைத்து, ராஜினாமா கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் கௌரவம் என்று மிக மரியாதையாகச் சொன்னார். அங்கேயே ஒரு காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் ஷேக் பரீத் காத்திருந்தான். மனைவி நன்றி சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அய்யா, அந்தக் காசு நாகூருக்குப் போவணும். நேந்துக்கிட்டது."

கமிட்டி துணியைத் திருப்பித் தந்திருந்தது. வேங்கடசுப்ரமணியன் முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கப் பார்த்தார். நகத்தால் நெண்டினார், பல்லாலும் இழுத்தார். இரண்டு கையும் உள்ள மனிதர், அவரால் முடியவில்லை. முடிச்சோடு அப்படியே அவன் இடது கையில் வைத்தார்.

அவர்கள் போவதை நாணு பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கேஸ் ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று நாவல்களில் படித்திருந்தான். இப்படி உடம்பெல்லாம் அலுத்துப்போகும் என்று எதிலும் போட்டிருக்கவில்லை.

"வா" என்றார் வேங்கடசுப்ரமணியன், குடையை எடுத்துக்கொண்டு. "மத்தியானம் ரேஷன் கடை திறப்பான். இத்தனை நாளா மன்னியை அனுப்பிண்டிருந்தேன். இனிமே நான் க்யூவில நிக்கறேன், நேரம் இருக்கு."