ஏறாத கோடு

"கழுத்துல என்னங்க அது?"

கதவை மறித்துக்கொண்டு நின்றாள் அவள். உள்ளே பெரிய காந்தம். ஸ்கேன் எடுக்கும் அவளைக் கேட்காமல் ஒரு குண்டூசிகூட உள்ளே போக முடியாது.

"விசில். நான் நீச்சல் மாஸ்டர்."

"உங்களுக்கு முன்னாடி அது பறந்து போயிடும். கழட்டுங்க."

"காலைலேர்ந்து அதட்டல் வாங்கறதே வேலையா போச்சு..." முணுமுணுத்தபடி கழற்றினான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். வெளியே பெய்யும் மழை அங்கேயும் தேங்கி நின்றது. அழகான கண்கள்தான்... தூங்கி எத்தனை நாளாயிற்றோ?

ஸ்கேன் மேஜையில் உட்காரவைத்து, அதன் முனையிலிருந்த பெடலில் பாதத்தைக் கட்டும்போது அவனே கொட்டித் தீர்த்தான். அண்ணனுக்குத் தசைநோய். தொடைச் சதையை வெட்டி எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது மாடி ஏறினால் இவனுக்கும் கால் சோர்கிறது.

"எனக்கும் அதுதான்னா ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுக்க மாட்டேன். வீட்ல கல்யாணப் பேச்சுக்கே பூட்டு போட்டுட்டேன்."

"இதுல வெட்டறது, குத்தறது கிடையாதுங்க. மிதிச்சா கெண்டைக்கால் சேர்த்து வெச்ச சக்தி குறையும். ஓய்ஞ்சா திரும்ப ஏறும். எவ்வளவு வேகமா ஏறுதுனு வெளியிலேர்ந்தே பாத்துடலாம்."

"தோலைத் தொடாம சதைக்குள்ள நடக்கறது தெரியுமா? அப்ப மனசுக்குள்ள நடக்கறது?"

"அதுக்கு இன்னும் மெஷின் வரல. படுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஹெட்போன் வழியே அவன் காதில் அவள் குரல் மட்டும்... "மிதிங்க... இன்னும்... போதும், நிறுத்துங்க."

அவள் முன்னிருந்த திரையில், கால் சக்தியைக் காட்டும் கோடு இறங்கியிருந்தது. இனி ஏற வேண்டும். ஏறவில்லை. ஐயோ, இவனுக்கு வேண்டாமே... முன்பின் தெரியாதவன், எனக்கென்ன வந்தது? கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அந்தப் பாதம் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்தது... 'நிறுத்து'ன்னாலும் இன்னும் கொஞ்சம் நீந்தணும்னு பசங்களுக்குச் சொல்றவன் நான். பழக்கதோஷம். கால் நல்லாத்தான் இருக்குனு உங்ககிட்ட காட்டணும்னும்..."

"நல்ல ஆளுங்க நீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுபடி மிதித்தான். இந்த முறை சொன்னதும் நிறுத்தினான். கோடு கிடுகிடுவென்று ஏறியது. டாக்டரம்மா வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"அண்ணனுக்கு இருக்கற கோளாறு உங்களுக்கு இல்ல தம்பி. சாப்பிடாம, தூங்காம கவலைப்பட்டா யாருக்கும் கால் சோரும்."

விசிலை வாங்கிக்கொண்டும் அவன் கிளம்பவில்லை.

"ஒரு சந்தேகங்க... கோடு ஸ்கிரீன்லதானே தெரியும்? என் பாதம் ஆடினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவள் தலை குனிந்தாள். "கோடு ஏறலன்னா முதல்ல மெஷினைத்தான் சந்தேகப்படணும். அதான் முறை. இன்னிக்கு மனசு கேக்கல... உங்களைத்தான் பாத்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே அவன் மெல்லக் கேட்டான்.

"வீட்ல போட்ட பூட்டைத் திறக்கப் போறேன்... பொண்ணு யாருனு அம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?"

"நிறுத்துனு சொன்னா உங்களை நிறுத்த வெக்கறவள்னு சொல்லுங்க."

சிரிப்பை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.