மருதப்பன், சுவாதி நட்சத்திரம்

“பேரு, நட்சத்திரம்?” என்று குருக்கள் கேட்டதும் வைதேகியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “மருதப்பன், சுவாதி.”

இருபத்தாறு வருடப் பழக்கம். சொல்ல வேண்டியது காரை வாங்கப் போகிற ரஞ்சனின் பெயரை. “டேக்கா கோயில் பக்கம்தானே இருக்கீங்க ஆன்ட்டி, சாவியத் தட்டுல வெச்சு என் பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க, அப்புறம்தான் வண்டியத் தொடுவேன்” என்று அவன் கேட்டிருந்தான். ரஞ்சன், பூரட்டாதி என்று கைப்பேசியில் எழுதிக்கூட வைத்திருந்தாள். குருக்கள் அவள் சொன்ன பெயரை மந்திரத்துக்குள் சேர்த்து, ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டி, சாவிக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்துவிட்டார். சந்தை வரை நடந்து வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. செத்து நான்கு மாதமான கணவனுக்கு ஆயுள் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அடக் கடவுளே என்று திரும்பி ஓடினாள். அதற்குள் நடை சாத்தியிருந்தார்கள்.

காக்கி புக்கிட்டில், கார்கள் சாய்தளம் வழியே ஏறிவரும் கட்டடத்தில், ஐந்தாம் மாடியில் கணவனின் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தாழ்வாரம் நெடுக இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. மருதப்பன் ஒன்பது வருடம் இங்கேதான் அந்தக் காரை, ஹாட் ராட் என்பார்கள், கட்டினார். எங்கோ கிடந்த பழைய காரின் கூடு, இன்னொன்றின் இன்ஜின், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. அவளுடைய இருக்கைக்காகத் தையல் டேப்பால் அவளை நிற்கவைத்து அளந்தார். தோள், இடுப்பு, முழங்கால். சீட் பெல்ட்டைக்கூட அந்த அளவுக்கே வெட்டித் தைத்தார். “இதுல நீ மட்டும்தான் உட்கார முடியும்” என்றார். ஆசையாகச் சொன்னதில்லை அது. எந்தப் பேருந்தில் ஏறலாம், யாரிடம் எத்தனை நிமிஷம் பேசலாம் எல்லாமே அவர் வைத்த அளவுதான். ஓட்டிப் பார்க்கும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். அன்றைக்கு வைதேகிக்கு முதலில் வந்தது பசி. இரண்டு தட்டு மீ கோரெங் தின்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் மெல்பர்னில் இருக்கும் மகள் இனியாவிடம் போகிறாள். திரும்புகிற எண்ணமில்லை. அதற்குள் இந்தக் கார் ரஞ்சனோடு ஜொகூருக்குப் போயாக வேண்டும். இது இருக்கிறவரை அவர் போனதாக அவளால் நம்ப முடியவில்லை.

இரும்புக் கதவைத் தூக்கியதும் வழக்கமான கிரீஸ் வாடையும் ரப்பர் வாடையும் முகத்தில் அடித்தன, அவற்றுக்கு அடியில் அவர் காலையில் தலைக்குத் தடவும் ஹேர் கிரீமின் இனிப்பான வாடை மெல்லியதாக, ஆனால் இப்போதுதான் யாரோ தடவிக்கொண்டு நகர்ந்த மாதிரி புதிதாக வந்தது. டிக். டிக். ஓடி நின்ற இன்ஜின் சூடு ஆறும்போது இரும்பு எழுப்புகிற சத்தம். பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்து மூன்று மாதமாகிறது. பானெட்டைத் தொட்டாள். கை சுட்டது.

வெயில்தான் என்று சொல்லிக்கொண்டாள். அங்கே வெயில் விழுவதில்லை.

ரஞ்சன் வந்து சேர்ந்தான். “என் பேர்லதானே பண்ணீங்க?”

“ஆமா” என்றாள். உண்மையைச் சொன்னால் போய்விடுவான்.

அவன் சாவியை மாட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். உடனே எழுந்து பின்புறத்தைத் தடவிப் பார்த்தான்.

“சீட்டு ஈரமா இருக்கே ஆன்ட்டி. வேர்வை மாதிரி. பரவால்ல, தொடச்சுக்கலாம் லா.” லாரி மேலே ஏறாது, ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று கீழே போனான்.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “லிஃப்ட்டுக்கு நிக்கிறோம். தள்ளித்தான் எறக்கணும். ஹேண்ட்பிரேக்க எடுத்துவிடுங்க.”

அந்த ஈரத்தில் அவளால் உட்கார முடியாது. இந்தப் பக்கக் கதவைத் திறந்து, தனக்காகத் தைத்த இருக்கையில் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி, நடுவிலிருந்த பிரேக்கை எட்டினாள். புடவை வழுக்கியது. அடுத்த நொடி அதில் உட்கார்ந்திருந்தாள்.

பிரேக் ஏற்கெனவே இறங்கியிருந்தது. பிடியில் குங்குமம். கட்டைவிரல் தடம். பெரியது.

எழப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது. அவசரமில்லாமல்.

டிக். டிக்.

பக்கத்து இருக்கையின் தோல் அமுங்கியது. முதலில் அடியில். பிறகு முதுகில். ஹேர் கிரீம் வாடை காதருகே.

லிஃப்ட் மணி. தாழ்வாரத்தில் ரஞ்சனின் குரல். கத்தினால் கேட்கும் தூரம்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

“இதோ, வந்துட்டேங்க” என்றது வாய்.

பெல்ட் தோளைத் தாண்டி வந்து இடுப்பில் பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழைய இடமில்லை. அளவு சரியாக இருந்தது.

அலமாரியில் பேட்டரி அப்படியே இருந்தது. சாவி, குங்குமத்தோடு, மெல்லத் திரும்பியது.