பதினோரு நாள் தூக்கம்

மணி இரண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் தம்பியின் கட்டிலில் தொங்கிய தூக்கப் பட்டியலில் மூன்று மணிக் கட்டத்திலும் நான்கு மணிக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. இன்னும் வராத மதியத்தை அவன் தூங்கி முடித்துவிட்டானாம்.

அக்காவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அவளும் இதே மருத்துவமனையில், கீழ்த்தளத்துக் குழந்தைகள் வார்டில் நர்ஸ்தான். மணிக்கொருமுறை எட்டிப் பார்த்து, கண் மூடியிருந்தால் டிக் போட வேண்டும். வேலை தலைக்கு மேல் போகும் நாளில் நாலைந்து கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பித் தள்ளுவார்கள். அவளும் தள்ளியவள்தான். ஆனால் இவன் அவள் தம்பி. ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராததால் வீட்டில் 'வாலு' என்று பெயர் வாங்கியவன், நுரையீரல் கெட்டுப்போய்ப் பதினோரு நாளாக ஐசியூவில் மரம் போலக் கிடக்கிறான். மூச்சு இயந்திரத்தோடு உடம்பு மல்லுக்கட்டக் கூடாது என்று, தசை எதுவுமே அசையாதபடி செய்யும் மருந்து நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் பகலுக்கும் இரவுக்கும் ஒரே வெள்ளை வெளிச்சம். ஸ்பிரிட்டும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடையினூடே மூச்சு இயந்திரம் உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விட, எங்கோ ஒரு கட்டிலின் அலாரம் கேட்பாரற்றுக் கத்திக்கொண்டேயிருந்தது. அது கத்தும்போதெல்லாம் தம்பியின் நாடித்துடிப்பு எண் எகிறியது. அலாரம் நின்றால் எண்ணும் இறங்கியது. அவள் நான்கு முறை பார்த்தாள்.

மூத்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவில்லை. தம்பியின் மணிக்கட்டில் வாட்ச் போலக் கட்டியிருந்த பட்டையைத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க சிஸ்டர், பட்டையும் அதையேதான் சொல்லுது. இருபத்துநாலு மணி நேரமும் தூக்கம்."

"அதுக்கு அசைவுதானே தெரியும்? கட்டில் காலுக்குக் கட்டிவிட்டாலும் நல்லா தூங்குதுன்னுதான் சொல்லும்."

மூத்த நர்ஸின் முகம் கறுத்துவிட்டது. அக்கா அதைச் சட்டை செய்யவில்லை. மூளை அலையைப் பதிவு செய்யும் டெக்னீஷியனை அவருடைய சாப்பாட்டு நேரத்திலேயே பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தம்பியின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார். திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. முணுமுணுப்பு நின்றது.

"சிஸ்டர், இவர் முழிச்சிருக்காரு."

நெருக்கமான, சின்னச் சின்ன அலைகள். மயக்கத்தின் சாயல்கூட இல்லை. அவள் குனிந்து, "வாலு" என்றாள். அலைகள் துள்ளின.

அப்படியானால் தூக்க மருந்து? அவள் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். தசையைக் கட்டும் மருந்து ஓடியது. தூக்க மருந்து இல்லவே இல்லை. தொண்டைக் குழாயும், விலாவில் செருகிய குழாயும், தினமும் சளியை உறிஞ்சும்போது நெஞ்சு கிழியும் வலியும் என எல்லாவற்றையும் அவன் முழு விழிப்போடு, கண்ணிமைகூட அசைக்க முடியாமல் தாங்கியிருக்கிறான். இவர்களைக் கடித்துக் குதறினாலும் ஆத்திரம் தீராது போல அவளுக்கு இருந்தது.

"யார் நிறுத்தினது?"

மூத்த நர்ஸ் பழைய பட்டியலை எடுத்து நீட்டினார். "மூணாம் நாள் ராத்திரி முழுக்க நிம்மதியான தூக்கம்னு போட்டிருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான், தானாவே தூங்குறாரேன்னு டாக்டர் தூக்க மருந்தை நிறுத்தச் சொன்னாரு."

எட்டு டிக். வலப்பக்கம் சாய்ந்தவை. அவள் கையால் போட்டவை.

அன்று அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டியூட்டி நர்ஸ் இன்னொரு கட்டிலுக்கு ஓடும் அவசரத்தில் பேனாவை இவளிடம் நீட்டிவிட்டுப் போனாள். கண் மூடித்தானே இருக்கிறது என்று, விடியும் வரைக்குமான கட்டங்களை இவளே நிரப்பினாள். இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

டாக்டர் ஓடிவந்தார். தூக்க மருந்து ஏற்றினார். அலைகள் மாறவில்லை. மீண்டும் ஏற்றினார். மாறவில்லை. நாடித்துடிப்பு நூற்றைம்பது. நூற்றெழுபது. பிறகு தாறுமாறு. பிறகு நேர்க்கோடு.

நெஞ்சை அழுத்தினார்கள். அரை மணி நேரம். டாக்டர் இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார். மூச்சு இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

அமைதி.

டெக்னீஷியன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒயரைக் கழட்டிடவா, சிஸ்டர்?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். கீழே நாடிக்கோடு நேராகக் கிடந்தது. மேலே அலைகள். நெருக்கமாக. சின்னச் சின்னதாக.

ஒயரில் ஏதோ கோளாறாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"வாலு."

அலைகள் துள்ளின.

மூத்த நர்ஸ் வெள்ளைத் துணியை நெஞ்சு வரை இழுத்தார். கழுத்து வரை. வாய் வரை. துணி ஏற ஏற, திரையில் அலைகள் எகிறி எகிறி அடித்துக்கொண்டன.